எதிர்க்கரையில் நிற்பவர்

"வெளிச்சம் நிற்க மாட்டேங்குது டீச்சர்."

நல்லபெருமாள் இதைக் குறையாகத்தான் சொன்னார். மடியிலிருந்த பலகையை எடுத்து நீட்டினார். தாளில் மலை இருந்தது. குளம் இருந்தது. இரண்டும் குழைந்து சேற்று நிறத்தில் கிடந்தன.

"ஆரம்பிக்கும்போது உச்சி மட்டும்தான் சிவப்பா இருந்தது. அதைப் போட்டேன். நிமிர்ந்து பார்த்தா பாதி மலை சிவந்துட்டு. அதையும் போட்டேன். மறுபடி பார்த்தா சிவப்பையே காணோம். மஞ்சளாக் கெடக்கு. நான் என்னதான் செய்ய?"

குழல்வாய்மொழி டீச்சர் படத்தைப் பார்க்கவில்லை. தன் தூரிகையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"பஸ் ஓட்டுனீங்கல்லா அண்ணாச்சி?"

"ஆமா."

"எல்லா ஸ்டாப்புலயும் ஒரே நேரத்துல நிறுத்துனீங்களா?"

"அது எப்படி முடியும்?"

டீச்சர் பிளாஸ்க்கைத் திறந்து கடுங்காப்பியை மூடியில் ஊற்றினார். 

*

தென்காசிப் பக்கத்தில் ஒரு சிற்றூர். ஊருக்கு மேற்கே குளம். குளத்துக்கும் மேற்கே மலை.

சூரியன் கிழக்கே வயல்காட்டில் உதிக்கும். ஆனால் வெளிச்சம் முதலில் விழுவது மேற்கே, மலையின் உச்சியில். ஊர் இருட்டில் கிடக்கும்போதே உச்சி சிவந்துவிடும். பிறகு அந்தச் சிவப்பு பாறை பாறையாகக் கீழே இறங்கி, காட்டைத் தொட்டு, எதிர்க்கரையைத் தொட்டு, கடைசியாகத் தண்ணீருக்கு வரும்.

அதை நல்லபெருமாள் வாழ்நாள் முழுக்கப் பார்த்ததில்லை. கடைசி இருபது வருஷமாக விடியற்காலை முதல் பஸ்ஸை எடுத்துக்கொண்டு இந்த மலையடிவாரத்தில்தான் ஓட்டினார். மலை அவருக்குப் பக்கவாட்டில் இருந்தது. அவர் பார்த்தது ரோட்டை.

ஓய்வு பெற்ற மறுவாரம் குழல்வாய்மொழி டீச்சரைத் தேடிப் போனார். டீச்சர் உயர்நிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியை. நல்லபெருமாளைவிடப் பதினைந்து வயதுக்கும் மேல் இளையவர். பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால், தினமும் இருட்டோடு ஸ்கூட்டரில் குளத்துக்கு வந்து, சேலைக்கு மேல் ஓர் ஆம்பளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, கிழக்குக் கரையில் உட்கார்ந்து மலையை வரைவார். வெளியூரிலிருந்து காரில் வந்து அந்தப் படங்களை வாங்கிப் போவார்கள். ஊரில் அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசியதில்லை.

"பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோட சரி. வேற யாருக்கும் நான் சொல்லிக் கொடுக்கது இல்ல" என்றார் டீச்சர்.

நல்லபெருமாள் சரி என்று சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் காலையில் கரைக்குப் போய், டீச்சருக்குக் கொஞ்சம் தள்ளி, பேசாமல் உட்கார்ந்தார். அதற்கு மறுநாளும் உட்கார்ந்தார்.

ஆடி போனது. ஆவணி போனது. ஒருநாள் அவர் வந்தபோது அவர் உட்காரும் கல்லின்மேல் ஒரு பலகையும் ஒரு தூரிகையும் இருந்தன.

*

சேற்று நிறப் படங்கள் நிறைய வந்தன.

ஒரு காலையில் டீச்சர் அவர் கையிலிருந்த தூரிகையை வாங்கித் தன் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

"சும்மா உக்காருங்க."

"எது வரைக்கும்?"

"அந்தப் பனைமரம் என்ன நிறம்?"

"பச்சை."

"அப்படிச் சொல்லுத வரைக்கும்."

நல்லபெருமாளுக்குக் கோபம் வந்தது. பனை பச்சை இல்லாமல் வேறு என்ன நிறம்? ஆனாலும் உட்கார்ந்தார். கை சும்மா இருந்ததால் கண்ணுக்கு வேலை வந்தது. ஐப்பசி மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மழை விட்டுக் குளம் நிரம்பிய பிறகும் உட்கார்ந்தார்.

ஒருநாள் மலையுச்சி சிவக்கிற நேரத்தில் அவர் மெல்லச் சொன்னார்.

"டீச்சர், அந்தப் பனை நீலமாத் தெரியுது."

"எப்ப இருந்து?"

நல்லபெருமாள் யோசித்தார்.

"எப்பவுமே அப்படித்தான் இருந்திருக்கும் போல."

டீச்சர் பெட்டியைத் திறந்து தூரிகையைக் கொடுத்தார்.

*

மார்கழியில் பனி இறங்கியது. ஈரத்தில் தாள் காயவே இல்லை. ஒரு வண்ணத்தின்மேல் இன்னொன்றை வைத்தால் இரண்டும் ஓடிக் கலந்தன. அதனால் அவசரப்பட முடியவில்லை. நல்லபெருமாள் ஒன்றைக் கண்டுகொண்டார். வெளிச்சம் மலையின் தோளுக்கு வரும் நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்வது. அது வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பது. வந்ததும் நன்றாகப் பார்ப்பது. பிறகு தலையை நிமிர்த்தாமல் பார்த்ததைப் போடுவது.

அப்படிப் போட்ட படம் ஒன்று அவருக்கே பிடித்திருந்தது. மலை மலையாக இருந்தது. அடிவாரத்துக் காடு புகைபோலக் கலைந்திருந்தது. எதிர்க்கரையில் ஒற்றைப் பனை, அதனருகில் மோட்டார் ரூம், ஒரு துண்டுப் புஞ்சை. தண்ணீரில் எல்லாம் தலைகீழாக.

டீச்சர் அதை வாங்கிக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். குளத்தைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"அந்த ஆளு எங்க?"

"எந்த ஆளு?"

டீச்சர் தூரிகைக் காம்பால் எதிர்க்கரையைக் காட்டினார்.

"அந்தப் பனைகிட்ட தினமும் ஒருத்தர் நிக்காரே. இப்பவும் நிக்காரே."

நல்லபெருமாள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"நான் இயற்கைக் காட்சிதானே கத்துக்கிட வந்தேன். ஆளு எதுக்கு?"

டீச்சர் படத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லா இருக்கு. ஆனா இது வேற ஏதோ ஊரு."

*

அடுத்தடுத்த நாட்களிலும் அப்படித்தான் நடந்தது. அவர் படத்தைக் கொடுப்பார். டீச்சர் பார்ப்பார். "வேற ஊரு" என்று திருப்பிக் கொடுப்பார். மலையின் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

கடைசியில் நல்லபெருமாள் பொறுக்கமாட்டாமல் கேட்டார்.

"ஒரு ஆளு இல்லேன்னா என்ன டீச்சர்? எம்மாம் பெரிய மலை. அதுக்குக் கீழ அவன் ஒரு எறும்பு அளவு இருப்பானா?"

"இருக்க மாட்டாரு."

"பின்ன?"

"வெளிச்சம் அவரை விட்டுட்டுப் போகலையே அண்ணாச்சி. மலைமேல விழுதது அவர்மேலயும் விழுது. நீங்கதான் விட்டுட்டுப் போறீங்க."

நல்லபெருமாள் பலகையைத் துணியில் சுற்றிக்கொண்டு எழுந்தார். 

*

எதிர்க்கரையில் நிற்பவர் மாடக்கண்ணு. நல்லபெருமாளின் கூடப் பிறந்த தம்பி.

இருவரும் பேசி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒரே ஊர்தான். கடைவீதியில் தம்பி எதிரே வந்தால் அண்ணன் ரோட்டின் மறுபக்கம் போய்விடுவார். கல்யாண வீட்டில் தம்பி பந்தியில் இருந்தால் அண்ணன் அடுத்த பந்திக்குக் காத்திருப்பார். கொஞ்ச காலத்தில் அது பழகிவிட்டது. பார்க்காமல் இருப்பதற்குக் கண்ணை மூட வேண்டியதில்லை என்று அவர் கண்டிருந்தார். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே ஓர் ஆளை இல்லாமல் ஆக்க முடிந்தது.

கரையில் வந்து உட்கார்ந்த முதல் நாளே எதிரில் இருப்பது தம்பியின் பங்குப் புஞ்சை என்று அவருக்குத் தெரியும். டீச்சர் உட்காரும் இடம் அதற்கு நேர் எதிரேதான். வேறு வழியில்லை. மலையைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். பனையைக்கூடப் பார்த்தார்.

*

தையில் ஒரு காலையில் அவர் அந்த ஆளைப் போட்டார்.

ஒரு கோடு கீழே. அதன்மேல் ஒரு புள்ளி. அவ்வளவுதான்.

டீச்சர் பார்த்தார்.

"பனைகிட்ட எதுக்குக் குச்சியை நட்டு வச்சிருக்கீங்க?"

"அதுதான் ஆளு. நீங்கதானே கேட்டீங்க?"

"ஆளைப் போட வேண்டாம் அண்ணாச்சி. அவர்மேல விழுத வெளிச்சத்தைப் போடுங்க. அது போதும். ஆளு தானா வருவாரு."

வெளிச்சத்தைப் போடுவதென்றால் அது எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். வேறு வழி இல்லாமல் நல்லபெருமாள் எதிர்க்கரையைப் பார்த்தார்.

குளம் அவ்வளவு பெரிதல்ல. எதிர்க்கரையில் நிற்பவர் துண்டைத் தோளில் போட்டிருக்கிறாரா, தலையில் கட்டியிருக்கிறாரா என்று தெரியும். முகம் தெரியாது.

மலையிலிருந்து இறங்கிய வெளிச்சம் முதலில் பனையின் தலையைத் தொட்டது. பிறகு நின்றவரின் தலையை.

தலை வெள்ளையாக இருந்தது.

நல்லபெருமாள் தூரிகையை எடுக்கவில்லை. மாடக்கண்ணுவின் தலை கறுகறுவென்று, எண்ணெய் வைக்காமலே மினுங்கும். அப்படித்தான் அவர் நினைவில் இருந்தது. எப்போது நரைத்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

வெளிச்சம் தோளுக்கு வந்தது. ஒரு தோள் மற்றதைவிடச் சற்று இறங்கி இருந்தது. ஆள் ஒரு கையைப் பனையில் ஊன்றியிருந்தார். சும்மா ஊன்றவில்லை. பனையை நம்பி நின்றுகொண்டிருந்தார்.

வெளிச்சம் கால்வரை வந்ததும் அவர் உட்கார்ந்தார். முதலில் கையைத் தரையில் வைத்து, பிறகு ஒரு காலை நீட்டி, பிறகு உடம்பை இறக்கி. எழுந்திருக்க ஒருமுறை முயன்றார். முடியவில்லை. மறுபடி முயன்று எழுந்தார்.

அன்று தாள் வெறுமையாகவே வீட்டுக்குப் போனது.

*

அதன் பிறகு நல்லபெருமாள் மலையை விட்டுவிட்டார். மலை தாளின் ஓரத்தில் மங்கலாக நின்றது. அவர் எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். துண்டின் வெள்ளை வேறு, தலையின் வெள்ளை வேறு என்று தெரிந்தது. புஞ்சையில் பயிர் எதுவும் இல்லை, வெறும் கோரைதான் காடாகக் கிடக்கிறது என்றும் தெரிந்தது. அவ்வளவு நாள் அந்தக் கோரையை அவர் பயிரென்று நினைத்துப் பச்சையடித்திருந்தார்.

ஒருநாள் படம் வந்துவிட்டது.

ஆள் விரல் நகத்தில் பாதிகூட இராது. தலையில் ஒரு துளி வெளிச்சம், இறங்கிய தோளில் ஒரு கீற்று, பனையில் ஊன்றிய கை. அவ்வளவுதான். ஆனால் ஒரு கிழவர் நின்றுகொண்டிருந்தார். நெடுநேரமாக நின்றுகொண்டிருக்கிறார் என்பதும் தெரிந்தது.

டீச்சர் படத்தை வாங்கினார். இந்தமுறை தூரத்தில் பிடிக்கவில்லை. மடியில் வைத்துக் குனிந்து பார்த்தார்.

"இவர் யாரு அண்ணாச்சி?"

"யாரோ."

"யாரோ ஒருத்தரை இப்படிப் போட முடியாது."

நல்லபெருமாள் தண்ணீரைப் பார்த்தார். ஒரு முக்குளிப்பான் மூழ்கி வேறோர் இடத்தில் எழுந்தது.

"என் தம்பி" என்றார்.

பிறகு, யாரும் கேட்காமலே சொன்னார்.

"நான் அப்ப மெட்ராஸ் பஸ் ஓட்டிக்கிட்டு இருந்தேன். ஊருக்குத் திரும்பி வாரேன். மதுரை டிப்போவில வச்சுத்தான் சொன்னாங்க. அம்மா போயிட்டா, சீக்கிரம் வான்னு. வேற டிரைவர்கிட்ட வண்டியைக் கொடுத்துட்டு, கிடைச்ச லாரியில ஏறி வந்தேன். வழியெல்லாம் மழை. தெருமுனையில இறங்கி ஓடுதேன். வீட்டு வாசலைக் கழுவி விட்டுக்கிட்டு இருக்காங்க."

டீச்சர் படத்தைப் பெட்டிமேல் வைத்தார்.

"கொண்டு போயிட்டான். எரிச்சும் முடிச்சிட்டான். நான் வந்துக்கிட்டு இருக்கேன்னு தெரியும் அவனுக்கு. கொஞ்ச நேரம். கொஞ்ச நேரம் வச்சிருக்கக் கூடாதா? என்னைப் பெத்தவ முகத்தை எனக்குக் காட்டாம அனுப்பிட்டான். அதுக்கப்புறம் மெட்ராஸ் ரூட்டே வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டேன். அவன் முகத்துல முழிக்கதையும் விட்டுட்டேன்."

குரல் நடுங்கவில்லை. பலமுறை உள்ளுக்குள் சொல்லிச் சொல்லி வழவழப்பான வார்த்தைகள் அவை.

டீச்சர் பிளாஸ்க்கிலிருந்த காப்பியை மூடியில் ஊற்றி அவரிடம் நீட்டினார்.

"குடிங்க. ஆறிடும்."

நல்லபெருமாள் குடித்தார். காத்திருந்தார். டீச்சர் சட்டையைக் கழற்றி மடித்தார். பெட்டியை மூடினார்.

"நீங்க ஒண்ணும் சொல்லலையே டீச்சர்."

"நான் என்ன சொல்ல? எனக்குப் படம் போட மட்டும்தான் தெரியும்."

ஸ்கூட்டர் வரை போனவர் திரும்பினார்.

"அந்தத் தோளுக்குக் கீழ நிழல் போதாது அண்ணாச்சி. இன்னும் கொஞ்சம் பாருங்க."

*

மாசி பிறந்தது.

ஒரு காலையில் பனையடியில் யாரும் இல்லை.

நல்லபெருமாள் காத்திருந்தார். வெளிச்சம் மலையில் இறங்கியது. பனையைத் தொட்டது. வெறுந்தரையைத் தொட்டது. தண்ணீருக்கு வந்துவிட்டது.

மறுநாளும் யாரும் இல்லை.

அதற்கு அடுத்த நாள் வந்ததுபோல் ஒரு விடியல் அந்த வருஷத்திலேயே வரவில்லை. பனி அறவே இல்லை. மலையின் ஒவ்வொரு மடிப்பும் கத்தியால் வெட்டியதுபோல் நின்றது. உச்சி முதலில் ரோஜா நிறத்தில் எழுந்து, பிறகு பழுத்து, பிறகு பொன்னாகி இறங்கியது. காற்றே இல்லாததால் குளத்தில் இன்னொரு மலை இருந்தது.

டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வரைந்தார்.

நல்லபெருமாளின் தூரிகை தாளுக்கு மேலே நின்றது. இறங்கவில்லை. பிறகு அவர் பனையை வைத்தார். பனையடியில், பழக்கத்தில், ஒரு துளி வெள்ளை வைத்தார். ஒரு தோள் வைத்தார்.

டீச்சர் திரும்பிப் பார்த்தார்.

"அங்க யாரும் இல்லையே."

"எனக்கு மனப்பாடம் டீச்சர். பார்க்காமலே போட்டுருவேன்."

"அது மூணு நாளைக்கு முந்தின ஆளு. இன்னைக்கு வெளிச்சத்துல அவரை எப்படி வைப்பீங்க? சேராது."

நல்லபெருமாள் படத்தைப் பார்த்தார். சேரவில்லை. வெள்ளைத்துளி தாளில் ஒட்டாமல் மேலே மிதந்தது.

"அப்ப ஆளு இல்லாமப் போடுதேன்."

"போடுங்க."

அவர் அந்தத் துளியை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தார். அங்கே ஒரு கறை நின்றது. மறுபடி ஒற்றினார். கறை பெரிதானது.

"டீச்சர், இத்தனை நாளா நான் அவனைப் போடாம இருந்தேன். அப்ப எல்லாம் அந்த இடம் இப்படி இல்ல. வெறும் இடமாத்தான் இருந்தது."

டீச்சர் எழுந்து வந்தார். நல்லபெருமாளின் பக்கத்தில் இருந்த தண்ணீர்க் குவளையை எடுத்தார். வண்ணம் கலந்திருந்த அந்தத் தண்ணீரைக் கரையில் கவிழ்த்தார். காலிக் குவளையைக் கல்லின்மேல் கவிழ்த்து வைத்தார்.

நல்லபெருமாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"என் பலகை" என்றார்.

"நான் பாத்துக்கிடுதேன். போங்க."

*

கரை வடக்கே போய், மடையைத் தாண்டி, வளைந்து உடைமரங்களுக்குள் இறங்கியது. பாதை சேறாக இருந்தது. நல்லபெருமாள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். முள் இருந்தது. பார்த்துப் பார்த்துக் காலை வைத்தார். போகப் போக, காலை வைப்பதில் இருந்த கவனமும் போய்விட்டது.

மோட்டார் ரூமின் கதவு பாதி திறந்திருந்தது.

உள்ளே, கதவை ஒட்டி ஒரு சாக்கின்மேல் மாடக்கண்ணு உட்கார்ந்திருந்தார். ஒரு கால் நீட்டிக் கிடந்தது. கணுக்கால் வீங்கி, துணி சுற்றியிருந்தது. அண்ணன் வாசலை மறைத்துக்கொண்டு நின்றதும் அவர் நிமிர்ந்தார். எழ முயன்றார்.

"இரு" என்றார் நல்லபெருமாள்.

இருபது வருஷத்துக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை அது. இருவருமே அதைக் கவனித்தார்கள்.

"கால்ல என்ன?"

"வரப்புல சறுக்கிட்டு. எலும்புக்கு ஒண்ணும் இல்லையாம். நடக்கத்தான் முடியலை."

"பின்ன இங்க எப்படி வந்த?"

"மருமகன் வண்டியில கொண்டுவந்து விட்டுட்டுப் போனான்."

"மூணு நாளா?"

"ஆமா. நிக்க முடியலை. அதான் உள்ளயே உக்காந்திருக்கேன்."

நல்லபெருமாள் திரும்பிப் புஞ்சையைப் பார்த்தார். இடுப்பளவு கோரை.

"இதுல என்ன வெள்ளாமை இருக்குன்னு இந்தக் காலோட வார?"

"ஒண்ணும் இல்ல. விதைச்சு ரெண்டு வருஷம் ஆச்சு."

"பின்ன எதுக்கு வார?"

மாடக்கண்ணு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"ஊர்ல சொன்னாங்க. உங்க அண்ணன் குளத்தங்கரையில உக்காந்து படம் போடுதாருன்னு. நான் நம்பலை. என்னதான்னு பாக்க வந்தேன்."

"சரி. பாத்தாச்சுல்லா?"

"பாத்தேன்." துண்டை மடியில் வைத்துக்கொண்டு, "பிறகு வந்துக்கிட்டே இருக்கேன்" என்றார்.

நல்லபெருமாள் வாசலை விட்டு விலகினார். அதுவரை அவர் முதுகில் விழுந்த வெயில் நேரே உள்ளே பாய்ந்தது. மாடக்கண்ணு கண்ணைச் சுருக்கினார். அண்ணன் கிழக்கே பார்த்தார். பார்க்க முடியவில்லை. சூரியன் எதிர்க்கரைக்குச் சரியாக மேலே நின்றது. கரை ஒரு கறுப்புக் கோடு. கோட்டின்மேல் ஒரு கறுப்புப் புள்ளி. டீச்சராகத்தான் இருக்க வேண்டும்.

"இங்க இருந்து பாத்தா என்னலே தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. உனக்குப் பின்னாலதானே சூரியன். கறுப்பா ஒரு உருவம் இருக்கும். முகமெல்லாம் தெரியாது."

"பின்ன நான்தான்னு எப்படிக் கண்ட?"

"பலகையை மடியில வச்சுக்கிட்டு, ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, ஸ்டியரிங்குக்கு முன்னால இருக்க மாதிரி இருந்த. வேற யாரு அப்படி இருப்பா?"

நல்லபெருமாள் சிரிக்கவில்லை. ஆனால் நின்றிருந்தவர் வாசல்படியில் உட்கார்ந்தார். செருப்பைக் கீழே வைத்தார். உள்ளங்காலில் ஒரு முள் ஏறியிருந்தது. அதை எடுக்காமல் அப்படியே இருந்தார்.

கோரைக்குள் ஏதோ ஒரு குருவி கத்தியது. நிறுத்தியது.

"அண்ணே" என்றார் மாடக்கண்ணு. "ஏன் வச்சிருக்கலைன்னு கேட்டுரு. இத்தனை வருஷமா நீ கேக்கலை. கேட்டுரு. சொல்லுதேன். சுடுகாட்டுப் பாதைத் தரைப்பாலத்துல தண்ணி ஏறிக்கிட்டு இருந்தது. பெரியவங்க எல்லாம்..."

"அது இருக்கட்டும்."

"இல்லண்ணே, கேளு."

"பிறகு கேக்கேன்."

நல்லபெருமாள் தம்பியின் முகத்தைப் பார்த்தார். கிழக்கு வெளிச்சம் நெற்றியிலும் ஒரு கன்னத்திலும் இருந்தது. கதவின் நிழல் மறு கன்னத்தில் சாய்வாக விழுந்து, தாடையில் முடிந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்ததில் இந்த முகம் இல்லை.

"அம்மா முகம் எப்படி இருந்தது?"



"எப்படின்னா... தூங்குத மாதிரி..."

"அதை ஊரே சொல்லிட்டு. அம்மாவுக்குத் துட்டி கேக்க வந்தவங்க எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க. நீ பக்கத்துல இருந்தேல்லா? வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து விழுந்தது?"

மாடக்கண்ணு அண்ணனையே பார்த்தார். கேலி இல்லை என்று தெரிந்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.  மூடிய இமையின்மேல் வெயில் இருந்தது.

"அடுப்படிக் கதவு வழியா வந்தது" என்றார். "விடிஞ்சும் விடியாத நேரம். மழைக்கு ஜன்னலை எல்லாம் சாத்தியிருந்தோம். அந்தக் கதவு மட்டும் திறந்து கிடந்தது. இடது பக்கம் இருந்து வந்தது."

"ம்."

"அந்தக் கன்னம் தெரிஞ்சது. மறு கன்னம் இருட்டுல இருந்தது. மூக்குத்தியை அப்ப கழத்தலை."

"அதுல வெளிச்சம் இருந்ததா?"

"இருந்தது. ஒரு பொட்டு."

நல்லபெருமாளும் கண்ணை மூடிக்கொண்டார்.

"மெதுவாச் சொல்லு" என்றார்.